தள்ளிப்போட ஒரு காரணம் கொடுங்கள்!

பள்ளிக்கூட வயதில் பிள்ளைப்பேறு. இந்த இதழ் முழுக்க இந்த ஒரே விஷயம்தான். திட்டி எழுதியவர்களுக்கு முதல் வரிசை.

கேள்வி: எங்கள் பாட்டிக்குப் பதினான்கு வயதில் தலைச்சன் பிள்ளை. மொத்தம் ஒன்பது பெற்று, தொண்ணூறு வயது வரை ஆட்டுக்கல்லில் மாவரைத்தார். இப்போது மட்டும் எதற்கு இந்தக் கூப்பாடு?
– ஓய்வுபெற்ற அலுவலர், கும்பகோணம்

ஒன்பதில் எத்தனை தங்கியது என்று பாட்டியிடம் கேட்டீர்களா? பிழைத்த பாட்டிமார் தொண்ணூறு வரை இருந்து கதை சொன்னார்கள். தலைச்சன் பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்தவர்களுக்கு எனக்குக் கடிதம் எழுதப் பேரன்கள் இல்லை.

1890-ல் கல்கத்தாவில் பூல்மணி தாசி என்ற சிறுமி, தன்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்த கணவனின் வன்முறையால் செத்துப்போனாள். வயது பத்தோ பதினொன்றோ. நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு சம்மத வயதுச் சட்டம் வந்து, பத்தாக இருந்த வயதைப் பன்னிரண்டு ஆக்கியது. அதற்கே திலகர் உட்படப் பெரிய மனிதர்கள் கொதித்து எழுந்தார்கள். ‘அந்தக் காலம்’ என்று நாம் ஏங்குவது இந்தக் காலத்தைத்தான்.

உடம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. இருபது வயது ஆகாத தாய்மாருக்குப் பிரசவ வலிப்பும் பிரசவத்துக்குப் பிந்தைய கருப்பைத் தொற்றும் 20-24 வயதுக்காரர்களைவிட அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளை எடை குறைந்தோ மாதம் குறைந்தோ பிறப்பதும் அதிகம். போதாததற்கு, இந்தியாவில் 15-19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தனக்கே ரத்தம் போதாத பிள்ளை, வயிற்றுப் பிள்ளைக்கு எங்கிருந்து கொடுக்கும்?

கேள்வி: இதெல்லாம் பீகார், ராஜஸ்தான் சமாசாரம். தமிழ்நாட்டில் இன்னுமா நடக்கிறது?
– கல்லூரி மாணவர், சென்னை

தம்பி, கிண்டியைத் தாண்டியும் தமிழ்நாடு இருக்கிறது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) சொல்வதைக் கேளுங்கள். 15-19 வயதுப் பெண்களில் ஏற்கெனவே தாயானவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள் இந்திய அளவில் 6.8 சதவீதம். முந்தைய சுற்றில் அது 7.9. நாடு இறங்கியிருக்கிறது. தமிழ்நாடு? 5.0-லிருந்து 6.3-க்கு ஏறியிருக்கிறது. கேரளத்தில் 2.4. எதிர்முனையில் மேற்கு வங்கம் 16.4, திரிபுரா 21.9.

இன்னொரு எண்ணும் உண்டு. தமிழ்நாட்டில் 20-24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்குப் பதினெட்டு முடியும் முன்பே தாலி ஏறிவிட்டது. எட்டுப் பேரில் ஒருத்தி. உங்கள் ஆயா வீட்டுத் தெருவில் எட்டு வீட்டை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: எல்லாத்துக்கும் இந்த செல்போன்தானே காரணம்?
– ஒரு தகப்பனார், நாமக்கல்

பெண்ணுக்குக் குறைந்தபட்சத் திருமண வயது பதினான்கு என்று சாரதா சட்டம் வந்தது 1929-ல். அப்போது எந்தப் பெண் கையில் போன் இருந்தது?

கேள்வி: வறுமையால் இளவயதுப் பிரசவமா? இளவயதுப் பிரசவத்தால் வறுமையா? பட்டிமன்றத்துக்குத் தலைப்பாக வைக்கலாம் என்று இருக்கிறேன்.
– பொருளியல் ஆசிரியர், மதுரை

தாராளமாக வையுங்கள். ஆனால் நடுவர் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

‘பதின்வயதில் பிள்ளை பெற்றதால்தான் அவள் ஏழையானாள்’ என்றுதான் அமெரிக்காவில் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1992-ல் ஆர்லின் ஜெரோனிமஸும் சாண்டர்ஸ் கோரன்மனும் ஒரு வேலை செய்தார்கள். ஊர்ப் பெண்களை எல்லாம் ஒப்பிடாமல், ஒரே வீட்டில் பிறந்த அக்கா தங்கைகளை ஒப்பிட்டார்கள். ஒருத்தி பதின்வயதில் பெற்றவள், மற்றவள் பிறகு பெற்றவள். அதுவரை மலையாகத் தெரிந்த வருமான வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோனது. இருவருமே அதே ஏழை வீட்டிலிருந்து கிளம்பியவர்கள்தானே?

ஜோசப் ஹாட்ஸ் குழு இன்னும் சாமர்த்தியம். பதின்வயதில் கர்ப்பமாகிப் பிள்ளை பெற்றவர்களையும், அதே வயதில் கர்ப்பமாகி இயற்கையாகவே கரு கலைந்தவர்களையும் வைத்துப் பார்த்தார்கள். கலைந்தவள் படித்து, சம்பாதித்து எங்கேயோ போயிருக்க வேண்டும் அல்லவா? அப்படி ஒன்றும் போய்விடவில்லை. அவளுக்கு முன்னால் ஏற்கெனவே கதவுகள் சாத்தியிருந்தன.

மெலிசா கெர்னியும் ஃபிலிப் லெவைனும் 2012-ல் இதைத் தெளிவாகச் சொன்னார்கள். ஏற்றத்தாழ்வு அதிகமான இடத்தில், ‘எனக்கு இதற்கு மேல் ஒன்றும் வரப்போவதில்லை’ என்று நினைக்கும் ஏழைப் பெண் எதற்காகக் காத்திருப்பாள்? டாக்டருக்குப் படிக்கப்போகிறவள் தள்ளிப்போடுவாள். ஒன்றுக்கும் போகாதவள் எதைக் காப்பாற்றத் தள்ளிப்போடுவாள்?

ஆகவே தீர்ப்பு: வறுமை முன்னே, பிள்ளை பின்னே. ஆனால் மதுரைப் பட்டிமன்றத்தில் ஒரு திருத்தம் தேவை. அமெரிக்கப் பெண்ணுக்குப் பெரும்பாலும் கல்யாணம் இல்லாமலே பிள்ளை. நம் பெண்ணுக்குக் கல்யாணம் முதலில், பத்தாம் மாதம் பிள்ளை. இங்கே படிப்பை முதலில் பறிப்பது பிரசவ அறை இல்லை, கல்யாண மண்டபம். நம் நாட்டுக் குடும்பநல ஆய்விலேயே பாருங்கள். பள்ளிக்கூடமே போகாத 15-19 வயதுப் பெண்களில் 18 சதவீதம் பேர் தாய்மையில் காலெடுத்து வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களில் அது 4 சதவீதம்.

கேள்வி: பத்தாம் வகுப்பில் 421 மதிப்பெண் எடுத்த பெண் அவள். மார்க் ஷீட் வாங்க வந்தபோது கழுத்து வரை துப்பட்டாவை இறுக்கிப் போர்த்தியிருந்தாள். கையெழுத்துப் போடக் குனிந்தபோது மஞ்சள் கயிறு வெளியே விழுந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். ‘மிஸ், வீட்ல சொல்லிடாதீங்க’ என்றாள். வீட்டில்தானே கட்டி வைத்தார்கள்? யாரிடம் சொல்லக் கூடாது என்கிறாள்?
– அரசுப் பள்ளி ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

சட்டத்திடம், டீச்சர். பதினைந்து வயதிலேயே அப்பா அம்மாவைப் போலீஸிலிருந்து காப்பாற்றும் பொறுப்பும் அவள் தலையில் ஏறிவிட்டது.

அந்த அப்பா அம்மாவை வில்லனாக்கிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர்கள் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, அம்மாவும் சித்தாளாகக் கூடவே. பெண், ஆயாவோடு ஊரில். ஆயாவுக்குக் கண் மங்கல். மேல்நிலைப் பள்ளி பஸ் ஏறிப் போகும் தூரம். சாயங்கால பஸ்ஸை விட்டால் இருட்டிவிடும். ‘ஏதாவது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?’ என்ற பயத்தைச் செங்கல்லோடு சேர்த்துத் தினமும் தூக்குகிறார்கள்.

அடுத்தது பவுன் கணக்கு. படித்த பெண்ணுக்குப் படித்த மாப்பிள்ளை வேண்டும். படித்த மாப்பிள்ளைக்குப் பவுன் வேண்டும். பெண் ஒவ்வொரு வகுப்பு ஏறும்போதும் சீர்வரிசையும் ஒரு படி ஏறுகிறது. சொந்தத்தில் ஒருவன் ‘ஒண்ணும் வேணாம், கட்டின புடவையோட அனுப்புங்க’ என்றால், அப்பனுக்கு அது சீர் அல்ல, கடன் தள்ளுபடி. தமிழ்நாட்டில் கால்வாசிக்கு மேற்பட்ட கல்யாணங்கள் ரத்த உறவுக்குள் நடக்கின்றன. கேட்க மாமன் வீடு எப்போதும் தயாராக இருக்கிறது.

கொரோனா ஊரடங்கில் இந்தக் கணக்கு இன்னும் மலிந்தது. ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று அரசே சொல்லிவிட்டதால், மண்டபச் செலவு மிச்சம். பள்ளிக்கூடமும் பூட்டு. ‘ஏன் இன்னிக்கு அவ வரல?’ என்று கேட்க உங்களைப் போன்ற டீச்சரும் இல்லை. மேலே சொன்ன 6.3-ஐ எடுத்த ஆய்வின் ஒரு பகுதி அந்த நாட்களில் நடந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று. அவள் 421 எடுத்தவள். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைப் பட்டியலில் யார் பெயர் இல்லை என்பது ஜூன் முதல் வாரமே உங்களுக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் தெரியாது.

கேள்வி: ஊர் கெட்டுக் கிடக்கு. பொம்பளப் புள்ளைக்குப் பாதுகாப்பு வேணும்னுதானே காலாகாலத்துல கட்டிக் கொடுக்கறோம்? பெத்தவன் வயித்துல இருக்கற நெருப்பு உங்களுக்குத் தெரியுமா?
– விவசாயி, கிருஷ்ணகிரி

நெருப்பு உண்மைதான் அய்யா. ஆனால் அணைக்கத்தான் தண்ணீரை எடுக்கிறோமா என்று பாருங்கள். தெருவில் நிற்கிறவனிடமிருந்து காப்பாற்ற, அவளைவிட எட்டு வயது மூத்தவன் வீட்டுக்கு அனுப்புகிறோம். அங்கே ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையும் அவளுக்குக் கிடையாது. அவள் யாரோடாவது ஓடிப்போய்விடுவாளோ என்பதுதான் பயம் என்றால், அதையும் வெளிப்படையாகப் பேசுவோம். ‘வேற சாதிப் பையன்’ என்ற மூன்று சொல்லுக்கு அஞ்சி, பதினாறு வயதுப் பெண்களுக்கு அவசர முகூர்த்தம் வைக்கும் ஊர்கள் ஏராளம். காவல் போடுவது பெண்ணுக்கா, சாதிக்கா என்று ஒரு ராத்திரி யோசியுங்கள்.

கேள்வி: தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டத்தை நிறுத்தியது நியாயமா? ஏழைப் பெண்ணுக்கு அது ஒன்றுதானே கிடைத்தது?
– இல்லத்தரசி, திருநெல்வேலி

அம்மா, அந்தத் திட்டத்தையும் குறை சொல்ல மாட்டேன். 1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 5,000 ரூபாயோடு ஆரம்பித்தது. பெண் இத்தனை வகுப்பு படித்திருக்க வேண்டும், பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. ‘படிக்க வை, அப்புறம் கட்டிக் கொடு’ என்பதை அரசு முதன்முதலாகப் பணத்தின் பாஷையில் சொன்னது அப்போதுதான். 2011-ல் நாலு கிராம் தங்கம் சேர்ந்தது, 2016-ல் எட்டு கிராம் ஆனது.

சிக்கல் எங்கே என்றால், பணம் கைக்கு வருவது கல்யாணத்தில். பெண்ணின் வாழ்க்கையில் அரசு கொண்டாடும் நாள் அதுவாகிவிடுகிறது. 2022 செப்டம்பரில் அதை மாற்றி ‘புதுமைப் பெண்’ ஆக்கினார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, மேலே படிக்கப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். தங்கம் அப்பா கைக்குப் போனது. ஆயிரம், பெண் பேரில் வருகிறது. ‘காலேஜ் போனா மாசம் ஆயிரம் வருது’ என்று அவள் வீட்டில் பேசலாம். பேச ஒரு பிடி கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

இதே கல்யாணச் செலவைக் காட்டித்தான் ஒரு காலத்தில் நூற்பாலைகள் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் வைத்து, மூன்று வருடம் பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்தன. சீர்ப் பணம் என்று சொன்னால் எதையும் விற்கலாம், அம்மா.

கேள்வி: எனக்கு 19 வயது. கல்யாணமாகி ஐந்து மாதம். மாமியார் தினமும் காலண்டரைப் பார்க்கிறார். ‘இன்னும் ஒன்றும் இல்லையா’ என்று பால்காரர்கூடக் கேட்டுவிட்டார். எனக்கு நர்சிங் படிக்க ஆசை. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், விழுப்புரம்

பால்காரருக்குப் பால் கணக்கை மட்டும் சொல்லுங்கள்.

தமிழ்நாடு பிள்ளைப்பேற்றை ‘நிறுத்துவதில்’ கெட்டிக்கார மாநிலம். கல்யாணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆனால் ‘தள்ளிப்போடுவதில்’ நாம் கத்துக்குட்டி. ஆணுறை, மாத்திரை பயன்படுத்துகிறவர்கள் சொற்பம். அதனால்தான் பதினெட்டில் கல்யாணம், பத்தொன்பதில் ஒன்று, இருபத்தொன்றில் இன்னொன்று, அதோடு ஆபரேஷன் என்று இருபத்தைந்துக்குள் எல்லாம் ‘முடிந்துபோகிறது’. பிள்ளை எண்ணிக்கை ஐரோப்பா மாதிரி, பெறுகிற வயது பழைய மாதிரி.

உங்களுக்கான பதில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசி, ‘சாயா’ மாத்திரை, காப்பர்-டி எல்லாமே இலவசம். எது உங்கள் உடம்புக்குச் சரி என்று டாக்டரோ நர்ஸோ சொல்வார்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ‘ரெண்டு வருஷம் போகட்டும்மா’ என்று மாமியாரிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவர் சொன்னால் அது முடிவு. நீங்கள் சொன்னால் வாயாடித்தனம். நியாயமில்லைதான், ஆனால் நர்சிங் சீட் கிடைக்கும் வரை அந்த வழியும் உதவும்.

கேள்வி: பக்கத்துத் தெருவில் 16 வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை வைத்துவிட்டார்கள். போகாவிட்டால் பகை. மொய் எழுதிவிட்டு ஓரமாகச் சாப்பிட்டு வந்துவிடலாமா?
– மளிகைக்கடைக்காரர், திருவண்ணாமலை

கடைக்காரருக்குக் கணக்கு தெரியாமல் இருக்காது. 2006-ம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, நடத்தி வைப்பவர் மட்டுமல்ல, தெரிந்தே போய்க் கலந்துகொள்கிறவரும் மாட்டலாம். இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். எவ்வளவு மொய் எழுதினாலும் இவ்வளவு ஆகாது.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு இப்போதே போன் போடுங்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. மாவட்ட சமூகநல அலுவலரிடமும் சொல்லலாம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி சொன்னால் பந்தல், சமையல், சொந்தக்காரர்கள் முன்னால் பெண்ணுக்குத்தான் அவமானம். பத்திரிகை அடிக்கும்போதே சொன்னால் அது வெறும் ‘தள்ளி வெச்சாச்சு’.

இன்னொரு விவரமும் தெரிந்துகொள்ளுங்கள். நடந்து முடிந்த குழந்தைத் திருமணம் தானாகச் செல்லாமல் போய்விடாது. அந்தப் பெண் பதினெட்டு முடிந்து இரண்டு வருடத்துக்குள் நீதிமன்றத்தில் கேட்டால்தான் ரத்தாகும். கையில் பிள்ளையோடு, கைக்காசு இல்லாமல் எத்தனை பேர் படியேறுவார்கள்? அதனால் போன் போடுவது மலிவு.

கேள்வி: 17 வயதுப் பெண் கர்ப்பமாக வருகிறாள். போலீஸில் சொன்னால் அவள் புருஷன் ஜெயிலுக்குப் போகிறான், அடுத்த முறை அந்தத் தெருவே என்னிடம் செக்கப்புக்கு வராது. சொல்லாவிட்டால் நான் ஜெயிலுக்குப் போகிறேன். நான் என்ன செய்ய?
– கிராம சுகாதார செவிலியர், சேலம் மாவட்டம்

இந்த இதழின் கஷ்டமான கேள்வி உங்களுடையது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டம் பதினெட்டுக்குக் கீழ் சம்மதம் என்ற பேச்சையே ஏற்பதில்லை. தெரிந்தும் தகவல் சொல்லாவிட்டால் குற்றம். 2017-ல் உச்ச நீதிமன்றம், பதினெட்டு ஆகாத மனைவியோடு உறவு கொண்டாலும் அது வன்புணர்ச்சியே என்றது. ஆக, தாலி கேடயமாகாது.

அதேசமயம், இந்தச் சட்டம் யாரைப் பிடிக்க வந்ததோ அவனை விட்டுவிட்டு, காதலித்த விடலைப் பையனைப் பிடித்துவிடுகிறது என்பதை நீதிமன்றங்களும் பார்த்துவிட்டன. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்து செய்து, பதின்வயதுக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்றார். 2022-ல் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவளது பெயர் விவரம் இருக்கத் தேவையில்லை என்றது. போலீஸுக்குப் பயந்து மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டு, ரத்தப்போக்கோடு வரும் பெண்களைப் பார்த்தபின் எடுத்த முடிவு அது.

சட்டம் கேட்கும் தகவலை மருத்துவ அலுவலர் மூலம் கொடுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள். ஆனால் வரிசை முக்கியம். முதலில் இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ஸ்கேன். அப்புறம் காகிதம். செக்கப்புக்கு வந்த பெண், விசாரணைக்கு வந்த பெண்ணாகத் திரும்பிப் போகக் கூடாது.

கேள்வி: வெளிநாட்டுப் பள்ளிகளில் ராத்திரி முழுக்க அழும் எலக்ட்ரானிக் பொம்மையைக் கொடுத்து, ‘பிள்ளை வளர்ப்பது எவ்வளவு கஷ்டம் பார்’ என்று பயமுறுத்துவார்களாமே! நம் ஊரிலும் செய்யலாமே?
– உளவியல் மாணவி, கோயம்புத்தூர்

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரின் 57 பள்ளிகளில் செய்து பார்த்து, அந்தப் பெண்களை இருபது வயது வரை கவனித்தார்கள். 2016-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. பொம்மை வாங்காத பெண்களில் பதின்வயதில் பிள்ளை பெற்றவர்கள் 4 சதவீதம். பொம்மை வாங்கியவர்களில் 8.

பொம்மை அழுதபோது ஊரே கொஞ்சியிருக்கும். பெண்ணுக்கு அது பிடித்துப்போயிருக்கும். நம் ஊரில் பொம்மை எதற்கு? பதின்மூன்று வயதில் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு ஹோம்வொர்க் எழுதும் பெண்ணுக்குப் பிள்ளை வளர்ப்பின் கஷ்டம் மனப்பாடம்.

கேள்வி: பாலியல் கல்வி என்று பாடம் நடத்தினால், தெரியாததைத் தெரிந்துகொண்டு கெட்டுப்போக மாட்டார்களா?
– பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், ஈரோடு

தெரியாமல் கெட்டுப்போனவர்கள் எண்ணிக்கையைத்தான் மேலே எழுதிக்கொண்டு வருகிறேன்.

என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம். மேற்குக் கென்யாவில் பாஸ்கலின் டூபா என்ற பொருளியலாளர் சோதித்தார். ‘ஒழுக்கமாக இரு’ என்ற வழக்கமான பாடம் கர்ப்பங்களைக் குறைக்கவில்லை. ‘உன் வயதுப் பையனைவிட, பரிசும் பணமும் தரும் பெரியவர்களிடம்தான் எச்.ஐ.வி. அதிகம்’ என்று கணக்கோடு சொன்ன பள்ளிகளில் பதின்வயதுக் கர்ப்பம் 28 சதவீதம் குறைந்தது. உபதேசம் தோற்ற இடத்தில் தகவல் ஜெயித்தது.

அதே கென்யாவில் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சீருடை கொடுத்தார்கள். அவ்வளவுதான், வேறு பாடமே இல்லை. இடையில் நின்றுபோகிற பெண்களும் குறைந்தார்கள், கர்ப்பமான பெண்களும் குறைந்தார்கள். இந்த ஆய்வில் இருந்த எஸ்தர் டஃப்லோவும் மைக்கேல் கிரெமரும் பிறகு 2019-ல் நோபல் வாங்கினார்கள். சீருடையும் சத்துணவும் நமக்குப் புதிதா என்ன? நோபல் வாங்காமலே நாம் செய்துகொண்டிருக்கும் கருத்தடை அது.

கேள்வி: பெண்ணின் திருமண வயதை 21 ஆக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?
– வழக்கறிஞர், திருச்சி

1978-லிருந்து பதினெட்டு. அதையே எட்டில் ஒருத்திக்கு நம்மால் காப்பாற்ற முடியவில்லை. 21 என்று 2021 டிசம்பரில் ஒரு மசோதா வந்தது. நிலைக்குழுவுக்குப் போய், 2024-ல் மக்களவையோடு காலாவதியானது. வக்கீல் சாருக்குச் சொல்லித் தர வேண்டுமா? எழுதிய சட்டத்தை நடத்த ஆளில்லாத ஊரில், இன்னும் பெரிய எண்ணை எழுதினால் குற்றவாளிகள்தான் கூடுவார்கள்.

கேள்வி: எல்லாப் பதிலிலும் பெண், பெண் என்கிறீர்கள். பிள்ளை பெறுவதில் ஆணுக்குப் பங்கே இல்லையா?
– வாசகி, நாகர்கோவில்

இருக்கிறது. பிரசவ வார்டு வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார். அடுத்த இதழில் அவரிடமே கேட்கிறேன்.

கேள்வி: எனக்கு 17 வயது. கையில் ஆறு மாதக் குழந்தை. பத்தாவதோடு நின்றுபோனது. என் வாழ்க்கை இவ்வளவுதானா அக்கா?
– பெயர், ஊர் வேண்டாம்

இல்லை கண்ணு. சமாதானத்துக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1960-களில் பதின்வயதில் தாயான சுமார் முந்நூறு பெண்களை எடுத்துக்கொண்டு, ஃபிராங்க் ஃபர்ஸ்டன்பர்க் என்பவர் பதினேழு வருடம் கழித்தும் தேடிப் போய்ப் பார்த்தார். நாசமாகிப் போயிருப்பார்கள் என்று ஊர் நினைத்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யாருக்கு முடிந்தது தெரியுமா? மறுபடி பள்ளிக்கூட வாசல் மிதித்தவர்களுக்கும், அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட்டவர்களுக்கும்.

உனக்கும் அதே இரண்டு வேலைதான். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போது, அடுத்ததைத் தள்ளிப்போட என்ன வழி என்று நர்ஸிடம் கேள். நீ படித்த பள்ளியிலேயே போய்ப் பதினொன்றாம் வகுப்பு கேள். கல்யாணமான பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. முடியாவிட்டால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் வீட்டிலிருந்தே பன்னிரண்டு எழுதலாம். ஐ.டி.ஐ.யில் சேரலாம். குழந்தையை யார் பார்ப்பது என்று உன் அம்மாவிடம் வெட்கப்படாமல் கேள். பதினாறில் கட்டி வைக்கத் தெரிந்தவர்களுக்கு, நாலு மணி நேரம் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் தெரியும்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் போன வருடம் மட்டும் மூன்று கல்யாணம் இப்படி. கிராம சபையில் பேசலாம் என்று இருக்கிறேன். நிதி இல்லை. ஒரே ஒரு காரியம் செய்யச் சொன்னால் என்ன சொல்வீர்கள்?
– ஊராட்சித் தலைவர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

தலைவரே, ஊரில் யாருக்கும் பணம் கொடுக்காத ஒரு சோதனையைச் சொல்கிறேன். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் டெல்லியைச் சுற்றிய கிராமங்களில் சிலவற்றுக்கு மட்டும் கால் சென்டர் வேலைக்கு ஆள் எடுப்பவர்களை அனுப்பினார். ‘இந்தப் படிப்பு இருந்தால் இந்த வேலை, இந்தச் சம்பளம், இப்படி விண்ணப்பம் போடணும்’ என்று பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று வருடம். அந்தக் கிராமங்களில் சீக்கிரம் கல்யாணம் செய்த பெண்களும், சீக்கிரம் பிள்ளை பெற்ற பெண்களும் குறைந்தார்கள். ‘குழந்தைத் திருமணம் கூடாது’ என்று அவர்கள் ஒரு போஸ்டர்கூட ஒட்டவில்லை. தள்ளிப்போட ஒரு காரணத்தைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவே.

மே 1 கிராம சபையில் நீங்களும் கொடுங்கள். உங்கள் ஊரிலிருந்து படித்து, செவிலியராகவோ போலீஸாகவோ சம்பளம் வாங்கும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, மாதம் எவ்வளவு வாங்குகிறாள் என்று மைக்கில் சொல்லச் சொல்லுங்கள். பத்தாவது எழுதிய பெண்களின் பட்டியலை வாசித்து, யார் யார் பதினொன்றாம் வகுப்பில் சேரப்போகிறார்கள் என்று ஒவ்வொரு வீட்டையும் எழுந்து நின்று சொல்லச் சொல்லுங்கள். சாயங்கால பஸ் நேரம் சரியில்லை என்றால், அதே இடத்தில் தீர்மானம் போட்டுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அனுப்புங்கள். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் அதே பட்டியலை மறுபடி எடுங்கள். காணாமல்போன பெயர்களைச் சத்தமாக வாசியுங்கள்.

‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்ற பயத்தில்தானே ஊரில் பாதிக் கல்யாணம் நடக்கிறது? அந்த நாலு பேர் உங்கள் கிராம சபையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.